விழாவும் வீடியோவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, கோயில் பொங்கல், தேரோட்டம், கல்லூரி ஆண்டு விழா ஆகிய எதுவாயினும் இன்று காமிரா இல்லாமல் நடைபெறுவதில்லை. கைபேசி வைத்திருப்போர் அனைவரும் ஒளிப்பதிவாளர்களே. ஆயினும், எடுத்த படத்தை ஓராண்டு கழித்து எடுத்துப் பார்ப்போர் எத்தனை பேர்? பார்த்தாலும், "எல்லாம் ஆடுகிறதே, ஒன்றும் கேட்கவில்லையே" என்று பாதியில் நிறுத்திவிடுகிறோம். விழாக்களைச் செம்மையாகப் படம்பிடிப்பதற்குச் சில எளிய முறைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நம் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை நான் அறிந்த அளவில் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கல்விச் செலவுக்காகப் பள்ளி இறுதி வகுப்பு முதலே முகூர்த்த நாட்களில் ஒரு ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் வேலை பார்த்து வருகிறேன். முதலில் விளக்குப் பிடித்தேன். பிறகு பேட்டரி மாற்றினேன். இப்போது இரண்டாவது காமிரா என் பொறுப்பு. ஆகவே நான் கூறப்போவது, புத்தக அறிவு பாதி, பட்ட அனுபவம் பாதி.

பட்ட அனுபவத்தில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் திருமணத்தை நானே படம்பிடித்தேன். அண்ணாச்சி வாடகை வாங்காமல் காமிரா கொடுத்தார். தாலி கட்டும் காட்சி, மாலை மாற்றும் காட்சி, பரிசு கொடுப்போர் வரிசை எல்லாம் தெளிவாக வந்திருந்தன. இரண்டு மணி நாற்பது நிமிடப் படம். தொலைக்காட்சியில் போட்டபோது தெருவே வந்து உட்கார்ந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, அப்பா மெதுவாகக் கேட்டார்:

"ஏய்யா, இதுல நான் எங்கய்யா இருக்கேன்?"

நான் பதில் சொல்லுமுன் அவரே சிரித்துக்கொண்டு, "நான்தான் பந்தியிலயே நின்னேனே, எப்படி விழும்?" என்று சொல்லிவிட்டு இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனார். அன்றிரவு நான் படத்தை முதலிலிருந்து தேடினேன். அப்பா மூன்று இடங்களில் இருந்தார். ஓரிடத்தில் முதுகு மட்டும். ஓரிடத்தில் தலை சட்டத்துக்கு மேலே வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாவது இடத்தில் முகம் இருந்தது. ஆனால் ஃபோகஸ் அவருக்குப் பின்னாலிருந்த அலங்கார வளைவின்மேல் இருந்தது. மொத்தம் பதினொரு வினாடி. கடன் வாங்கி, மண்டபம் பேசி, மகளைக் கட்டிக்கொடுத்த மனிதர், அந்தத் திருமணத்தில் பதினொரு வினாடிதான் இருந்தார். காமிரா பிடித்தவன் அவர் பெற்ற மகன்.

ஏன் இப்படி ஆயிற்று? விளக்குகள் மேடையில் இருந்தன. விளக்கு இருந்த இடத்தில் காமிராவும் நின்றது. அப்பா நின்ற இடத்தில் விளக்கு இல்லை. நான் விழாவைப் படம் எடுக்கவில்லை; விளக்கு காட்டிய இடத்தை எடுத்திருக்கிறேன். எந்தக் காமிரா வாங்குவது என்பதைவிட, யாரைத் தேடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் இக்கலையின் முதற்பாடம் என்பது அன்று எனக்கு விளங்கிற்று.

முதற் படங்கள்

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் பொதுமக்களுக்குக் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். திரைப்படத்தின் பிறந்தநாளாகப் பலரும் கொள்வது இந்நாளையே. அன்று காட்டப்பட்ட படங்களுள் ஒன்றில் நடிகரும் இல்லை, அரசரும் இல்லை. லியோன் நகரில் இருந்த தம் தொழிற்சாலையின் வாயிற்கதவு திறந்து, வேலை முடிந்த தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி அது. படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. காமிரா ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மில் சங்கு ஊதியதும் வாயிலில் சைக்கிள்களும் தூக்குவாளிகளும் நிறைந்த காட்சியைக் கண்டு வளர்ந்த நமக்கு, இந்தப் படம் வேற்றூர்ப் படமாகத் தோன்றாது.

நம் தமிழரான ஏ.கே. செட்டியார் செய்த செயல் இன்னும் வியப்புக்குரியது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்ற அவர், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ 1 லட்சம் மைல் பயணம் செய்தார். பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் பல ஆண்டுகளில் எடுத்துவைத்த சுமார் 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 35 மி.மீ. படம் பேசும்படத்தின் வேகத்தில் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். அக்கணக்கில் இது ஒன்பது மணி நேரத்திற்கும் மேல். அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த ஆவணப்படம் 1940இல் வெளியாயிற்று. அவர் தேடிப் போனபோது கொடுக்க ஏதேனும் இருந்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் அந்த நாளில் காமிராவைத் திருப்பியிருந்ததும், பிறகு அதைப் பத்திரமாக வைத்திருந்ததுமே ஆகும். எடுத்தல், காத்தல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே நம் கலை.

முன்னேற்பாடு

விழாவுக்கு முதல் நாள் இரண்டு காரியம் செய்யவேண்டும்.

ஒன்று, இடத்தைப் போய்ப் பார்ப்பது. மண்டபத்தில் சன்னல்கள் எத்திசையில் உள்ளன, மின் இணைப்பு எங்கே, மேளக்காரர்கள் எங்கே அமர்வார்கள், மாப்பிள்ளை அழைப்பு எந்த வழியாக வரும் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சமையற்கட்டையும் பந்தி நடக்கும் இடத்தையும் பார்க்க மறக்கக்கூடாது.

இரண்டாவது, ஒரு பட்டியல். சடங்குகளின் பட்டியலைச் சொல்லவில்லை. அது எல்லோரிடமும் உண்டு. மனிதர்களின் பட்டியலைச் சொல்கிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, "இந்த விழாவுக்காக ஓடியாடி உழைப்பவர் யார்? வயதானவர் யார்? வெகுதூரத்திலிருந்து வருகிறவர் யார்? மேடைக்கு வரக் கூச்சப்படுகிறவர் யார்?" என்று கேட்டால் பத்துப் பன்னிரண்டு பேர் தேறுவார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பத்து வினாடி முகம் தெரியும் காட்சி ஒன்றாவது எடுத்தே தீருவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவுடன் பட்டியலில் ஒரு கோடு. இதற்குச் செலவு ஒரு துண்டுக் காகிதமே.

நிற்கும் இடம்

அனுபவமில்லாதவர் பெரும்பாலும் மணமக்களுக்கு நேரெதிரே நிற்பார்கள். கெட்டிமேளம் முழங்கியதும் முன்வரிசையினர் அட்சதை தூவ எழுந்துவிடுவர். காமிராவில் பதிவாவது கைகளும் முதுகுகளும், அவற்றுக்கு மேல் உயர்ந்த கைபேசிகளுமே. தாலி கட்டும் நேரம் சில வினாடிகள்தான். மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஆகவே நேரெதிரே நிற்காமல், மணமேடையின் ஒரு மூலையில், சாய்வான கோணத்தில், தலைமட்டத்துக்குச் சற்று உயர்வாக இடம் பிடிக்கவேண்டும். மாப்பிள்ளையின் கை எப்பக்கமாக வரும், முடிச்சுப் போட நாத்தனார் எங்கே நிற்பார் என்று புரோகிதரிடமோ பெரியவர்களிடமோ முன்பே பணிவுடன் கேட்டுக்கொண்டால் சொல்லுவார்கள். இரண்டாவது காமிரா இருக்குமானால் அதை முக்காலியில் பொருத்தி, மேடை முழுவதும் தெரியுமாறு ஓடவிட்டுவிடலாம். கெட்டிமேளம் ஒலித்தபின் பொத்தானை அழுத்துவது காலம் கடந்த செயல். தாலி தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசிக்கு வரும்போதே காமிரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒளி

ஒளியைப் பற்றி இயற்பியல் மாணவர்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எனினும் விழாவில் உதவும் மூன்று செய்திகளைக் கூறுகிறேன்.

முதலாவது, தூரத்தின் இருமடி விதி. சிறிய விளக்கு ஒன்றை முகத்திலிருந்து நான்கு மீட்டரில் வைப்பதற்குப் பதில் இரண்டு மீட்டரில் வைத்தால் ஒளிச்செறிவு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. பெரிய விளக்கை வாடகைக்கு எடுப்பதைவிடச் சிறிய விளக்கை அருகே கொண்டுவருவது மேல். ஆனால் அது கண்ணைக் கூசச்செய்யும். மெல்லிய வெள்ளைத் துணியை முன்னே தொங்கவிட்டால் ஒளி பரவி மென்மையாகும்.

இரண்டாவது, மின்னோட்டத்தின் அதிர்வெண். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் பழைய ட்யூப் லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்கு இது தெரியாது, காமிராவுக்குத் தெரியும். படத்தில் கருப்புப் பட்டைகள் ஓடுவதும், வெளிச்சம் துடிப்பதும் இதனால்தான். ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்றும், படச் சட்டங்களை வினாடிக்கு 25 அல்லது 50 என்றும் வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். பல கைபேசிகள் 30 சட்டங்களில் எடுக்கும்படி அமைந்து வருகின்றன. அமைப்பைத் திறந்து ஒருமுறை மாற்றினால் போதும்.

மூன்றாவது, நிற வெப்பநிலை. குத்துவிளக்கின் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். ஹாலஜன் விளக்கு 3,200. நண்பகல் ஒளி 5,500. நம் கண்ணும் மூளையும் இவற்றைச் சமன்செய்துகொள்கின்றன. காமிராவோ ஒன்றை மஞ்சளாகவும் மற்றொன்றை நீலமாகவும் காட்டும். 'ஒயிட் பாலன்ஸ்' என்பதைத் தானியங்கியாக விட்டால், காமிரா திரும்பும்போதெல்லாம் பட்டுப்புடவையின் நிறம் மாறிக்கொண்டேயிருக்கும். மேடையில் ஒரு வெள்ளை வேட்டியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்து, அவ்விடத்தில் எடுக்கும் வரை அதையே நிலையாக வைக்கவேண்டும். வெள்ளை வேட்டிக்கு நம் மண்டபங்களில் பஞ்சமில்லை.

ஓர் எச்சரிக்கை. குளிரூட்டப்பட்ட மண்டபத்திலிருந்து திடீரென வெளியேயோ, ஆவி பறக்கும் சமையற்கட்டுக்கோ போனால் லென்ஸின்மேல் பனி படரும். உடனே துடைக்காமல் ஐந்து நிமிடம் காத்திருந்தால் தானே மறையும்.

அசையாமை

முதல்முறை காமிரா பிடிப்பவர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது போல அதை இப்படியும் அப்படியும் வீசுவார். அண்ணாச்சி எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, காமிராவை ஆட்டாதே; ஆடுகிறதை எடு" என்பதுதான். ஒரு காட்சியைக் குறிவைத்து மனத்துக்குள் பத்து எண்ணும் வரை அசையாமல் பிடிக்கவேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொண்டால் முக்காலி இல்லாமலேயே இது கைகூடும். கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடிப்பதும் நன்று. நம் இரு கண்களும் பக்கவாட்டில்தானே அமைந்துள்ளன!

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மூன்று அளவுகளில் எடுக்கவேண்டும். இடம் முழுவதும் தெரியும் தூரக்காட்சி, ஆட்கள் தெரியும் நடுக்காட்சி, முகமோ கையோ மட்டும் தெரியும் அண்மைக்காட்சி. இம்மூன்றும் இருந்தால், பின்னர்த் தொகுப்பவர் எதையும் கோர்த்துவிடலாம். ஜூம் செய்து நெருங்குவதைவிட நடந்து நெருங்குவது நல்லது. ஜூமில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

மற்றொன்று, கோடு தாண்டாமை. ஊர்வலம் இடமிருந்து வலமாகப் போகிறது எனக் கொள்வோம். நாம் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் எடுத்தால் அது வலமிருந்து இடமாகப் போவதாகத் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்த்தால் ஊர்வலம் பாதிவழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டதோ என்று பார்ப்பவர் குழம்புவர். தெருவின் நடுவே ஒரு கோடு கிழித்திருப்பதாகப் பாவித்து, அதன் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டும். கடந்தே தீரவேண்டுமென்றால், நேர்முன்னே நின்று ஒரு காட்சி எடுத்துவிட்டுப் பிறகு கடக்கலாம்.

ஒலி

படம் சற்று மங்கலாயிருந்தால் பொறுத்துக்கொள்வோம். ஒலி கெட்டால் ஒரு நிமிடமும் பொறுக்கமாட்டோம். நாதசுரமும் தவிலும் திறந்தவெளிக்கென அமைந்த கருவிகள். அவற்றின் அருகே மைக்கை வைத்தால் ஒலி தாங்கும் அளவை மீறிக் கரகரக்கும். தானியங்கியாக விட்டாலோ, கெட்டிமேளத்தின்போது காமிரா ஒலியைத் தாழ்த்திவிடும். அதன்பின் பெரியவர் ஒருவர் மெல்ல வாழ்த்துவது கேட்காமலே போய்விடும். கெட்டிமேளத்தை முன்னதாக ஒருமுறை வாசிக்கக் கேட்டு, ஒலியளவைக் கையால் அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியின் வேகம் நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். 35 மீட்டர் தள்ளி நின்று தவிலை எடுத்தால், கோல் விழுந்து பத்தில் ஒரு வினாடி கழித்தே ஒலி காமிராவை அடையும். வினாடிக்கு 25 சட்டம் என்றால் இரண்டரைச் சட்டம் பின்தங்கும். தொகுக்கும்போது ஒலியை அவ்வளவு முன்னே தள்ளிவைத்தால் கோலும் ஒலியும் பொருந்தும்.

ஆடிப்பூரத் தேர்

திருமண மண்டபத்தில் கற்றதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்தைவிடச் சிறந்த இடம் ஏது? ஆண்டாள் அவதரித்த நட்சத்திரமான பூரத்தன்று, ஆண்டாளும் ரெங்கமன்னாரும் எழுந்தருளிய பெரிய தேர் நான்கு ரத வீதிகளையும் வலமாகச் சுற்றி வருவதை நாம் அறிவோம்.

முதலாண்டில் நான் தெற்கு ரத வீதியில் தேருக்கு எதிரே நின்று எடுத்தேன். தேர் அலங்காரம் கண்ணைப் பறித்தது. படத்திலோ கன்னங்கரிய உருவம் ஒன்று வந்தது. காரணம் பிறகு புரிந்தது. வலமாகச் சுற்றும் தேர் தெற்கு வீதியில் மேற்கு நோக்கி வரும். காலைச் சூரியன் தேருக்குப் பின்னால் இருக்கிறது. எதிரே நிற்பவன் சூரியனை நோக்கியே காமிராவைத் திருப்புகிறான்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. நம் ஊர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் ஒன்பதரைப் பாகையில் உள்ளது. ஆடி மாதத்திலோ சூரியன் வடக்கே 21 பாகையிலிருந்து 14 பாகைக்குள் நிற்கிறது. அதாவது ஆடியில் சூரியன் நமக்கு வடகிழக்கே சாய்ந்து உதித்து, நண்பகலிலும் உச்சிக்குச் சற்று வடக்கேயே செல்கிறது. ஆகவே தெற்கு ரத வீதியில் வடபுறத்து மாடியில் நின்று தெற்கு நோக்கி எடுத்தால் வெயில் நம் முதுகுப்பக்கம் இருக்கும். தேரின் வடபுறம் பளிச்சென்று விழும். மறு ஆண்டு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவ்வாறே நின்றேன். தேரும் வந்தது, தேர்ச்சீலையின் நிறங்களும் வந்தன.

ஆனால் தேரை மட்டும் எடுத்தால் தேரோட்டம் ஆகாது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்கள் உண்டு. அத்தனை பெரிய தேர் எப்பக்கம் திரும்பவேண்டும், எங்கே வேகம் குறையவேண்டும் என்பது அவர்கள் வைக்கும் கட்டையில் இருக்கிறது. எல்லோரும் மேலே அண்ணாந்து பார்க்கும்போது அவர்கள் மட்டும் கீழே சக்கரத்தைப் பார்த்தபடி குனிந்திருக்கிறார்கள். மறு ஆண்டு என் பட்டியலில் அவர்களே முதலில் இருந்தார்கள். மாடியிலிருந்து ஜூம் செய்து, கைப்பிடிச் சுவரில் கைபேசியை அழுத்தி வைத்துக்கொண்டு, கட்டையை வைத்துவிட்டு ஒருவர் சட்டென்று பின்னே துள்ளும் காட்சியை எடுத்தேன். நான் எடுத்தவற்றுள் எனக்குப் பிடித்தது அதுவே.

இவ்விடத்தில் சில கட்டுப்பாடுகளைக் கூறவேண்டும். சக்கரத்தின் அருகிலோ வடங்களுக்கு நடுவிலோ நின்று படம் எடுப்பது உயிருக்கு ஆபத்து. காமிராவில் கண் வைத்தவனுக்குப் பக்கத்தில் வருவது தெரியாது. கூட்டத்தின்மேல் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது குற்றம். கோயிலுக்குள் கைபேசியைத் தடைசெய்ய 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். வழிபடுவோர் முகத்தருகே காமிராவை நீட்டுவது சட்டப்படி எப்படியோ, பண்புக்கு ஒவ்வாது.

காத்து வைத்தல்

எடுத்தது பாதி வேலை என்றேன். மீதிப் பாதி இது. 1980களில் வீடியோ காசெட் நம் ஊர்த் திருமணங்களுக்கு வந்தது. அக்காசெட்டுகள் பலவற்றில் இன்று பூஞ்சை படர்ந்துள்ளது. ஓட்டிப் பார்க்கக் கருவியும் கிடைப்பதில்லை. வீட்டில் அத்தகைய காசெட் இருந்தால், காலம் தாழ்த்தாமல் கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்வது நல்லது.

இன்றைய கோப்புகளும் சாகாவரம் பெற்றவை அல்ல. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் 45 ஜி.பி. இடம் பிடிக்கும். இடம் போதவில்லை என்று அழித்துவிடுவோரும், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே என்று மூலத்தை விட்டுவிடுவோரும் பலர். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித் தரம் குறைத்தே அனுப்பும். எனவே மூலக்கோப்பின் மூன்று படிகள் வேண்டும். இரண்டை வெவ்வேறு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வைக்கவேண்டும். கோப்பின் பெயரில் நாள், ஊர், விழா மூன்றையும் எழுதவேண்டும். ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கவேண்டும். ஏ.கே. செட்டியாரின் படமே நெடுங்காலம் கைக்குக் கிட்டாமல் போய், அதன் ஆங்கில வடிவம் பின்னாளில் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டது. அத்தனை பெரிய படத்துக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுப் படத்தைத் தேடித் தர யார் வருவார்?

முடிவாக

சென்ற தை மாதம் என் சித்தப்பா மகளுக்குத் திருமணம். பட்டியலில் முதற்பெயராகச் சித்தப்பாவை எழுதிக்கொண்டேன். விடியற்காலை மூன்று மணிக்கே சமையற்கட்டுக்குப் போனேன். ஒரு ட்யூப் லைட்டும் அடுப்புத் தீயும்தான் வெளிச்சம். சிறு விளக்கொன்றை வெள்ளைத் துணி சுற்றி அருகே வைத்தேன்; ஷட்டர் 1/50. லென்ஸில் படர்ந்த ஆவி மறையும் வரை காத்திருந்தேன். சாம்பார் அண்டாவின் அருகே நின்று, காய் போதுமா என்று சமையற்காரரிடம் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. நாற்பது வினாடி அசையாமல் எடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவேயில்லை.

படம் போட்ட அன்று அந்தக் காட்சி வந்ததும் வீட்டில் பேச்சு நின்றது. சித்தி மட்டும், "இன்னொரு தடவை போடுய்யா" என்றார். போட்டேன். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை. அக்காவின் திருமணத்தை மறுபடியும் நடத்த முடியாது.

நண்பர்களே, நம் கல்லூரி ஆண்டு விழாவை இம்முறை நாம் எல்லோரும் கைபேசியில் எடுக்கத்தான் போகிறோம். சிறப்பு விருந்தினரை எடுப்போம்; பரிசு பெறும் தோழர்களை எடுப்போம். அதற்கு முன், ஒரு துண்டுக் காகிதம் எடுத்து எழுதிக்கொள்வோம். காலையில் எல்லோருக்கும் முன்னே வந்து கதவு திறக்கும் காவலர், ஆய்வகத்தில் நாம் உடைத்த குழாய்களைக் கூட்டி எடுப்பவர், மணி அடிப்பவர், நாற்காலி சுமப்பவர், மேடைக்குப் பின்னால் திரை இழுக்கும் மாணவன், மகனோ மகளோ மேடையேறுவதைப் பார்க்க முதன்முறையாகக் கல்லூரிக்குள் வந்து, எங்கே உட்காருவதென்று தெரியாமல் கடைசி வரிசையில் நிற்கும் பெற்றோர். ஒவ்வொருவருக்கும் பத்து வினாடி. ஒளி நம் முதுகுப்பக்கம் இருக்கட்டும், கை அசையாதிருக்கட்டும்.

கடைசி வரிசையில் என் தந்தையும் இருப்பார். இராத்திரி ஷிப்டு முடித்து நேரே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.